நிரந்தரப் புருவ மேக்கப்: எந்த முறை உங்கள் தோலுக்குச் சரிவரும்?

தைராய்டு வந்ததிலிருந்து என் புருவத்தின் வால் பகுதி கொட்டிப்போனது. தினமும் காலையில் பென்சிலோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், சென்னையில் பார்லர் பார்லராக ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் மைக்ரோபிளேடிங்தான் பெஸ்ட் என்றார்கள். அடுத்த தெருவில் அதெல்லாம் பழசு, இப்போது நானோதான் என்றார்கள். இன்னோரிடத்தில் முகத்தையே பார்க்காமல் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பி, அட்வான்ஸ் எப்போது போடுவீர்கள் என்றார்கள். என் தோல் எப்படிப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் நெற்றியை விரலால் ஒரு முறை தேய்த்து, அந்த விரலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இவ்ளோ எண்ணெய்க்குக் கோடு நிக்காதும்மா, பவுடர் மாதிரி பண்ணிக்கோங்க" என்றார்.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். விலை, பழக்கவழக்கம் எல்லாம் தமிழ்நாட்டு நிலவரப்படி.

1. செய்துகொள்ளலாமா என்று முதலில் பாருங்கள்

எந்த முறையாக இருந்தாலும் இது தோலுக்குள் ஊசியால் நிறம் ஏற்றும் வேலைதான். அதனால் எல்லோருக்கும் ஒத்துவராது. கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் தள்ளிப்போடுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள், நிறுத்தி ஆறு மாதமாவது ஆகட்டும்; ஒரு வருடம் பொறுக்கச் சொல்பவர்களும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவே கூடாது. புருவத்துக்காக இதய மாத்திரையை விட்டுவிட்டு வரச்சொல்லும் பார்லர்கள் இருக்கின்றன, ஜாக்கிரதை.

வெண்புள்ளி, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்திலேயே புதிதாக வெண்புள்ளியோ செதிலோ தோன்றலாம். தழும்பு தடிக்கும் உடல்வாகு நம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. காது குத்திய இடம் உருண்டையாகத் தடித்திருக்கிறதா? மேல்கையில் தடுப்பூசித் தழும்பு மேடாக வளர்ந்திருக்கிறதா? அப்படி இருந்தால் பார்லருக்குப் போகுமுன் தோல் மருத்துவரிடம் போங்கள்.

புருவம் ஏன் கொட்டுகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மட்டும் மெலிந்தால் தைராய்டு பரிசோதனை ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது. வட்டவட்டமாகக் கொட்டினால் அது வேறு பிரச்சினை, அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

2. பெயரை விடுங்கள், இந்த மூன்றைக் கேளுங்கள்

ஓம்ப்ரே, பவுடர், மிஸ்டி, ஷேடிங், 6டி, ஃபெதரிங் என்று கடைக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. கையால் செய்வதா, மெஷினா? முடி போலக் கோடு போடுவதா, புள்ளி வைப்பதா? ஒற்றை ஊசியா, வரிசை ஊசியா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அவர்கள் எதை விற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மைக்ரோபிளேடிங் கையால் செய்வது. பேனா போன்ற பிடியில் மெல்லிய ஊசிகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதைக்கொண்டு தோலில் நுண்ணிய கீறல் போட்டு நிறம் ஏற்றுவார்கள். உலர்ந்த, இறுக்கமான, துளைகள் சிறிதான தோலில் அசல் முடி போலவே இருக்கும். எண்ணெய் வடியும் தோலில் அந்தக் கோடுகள், செய்தித்தாளில் மைப்பேனாவால் எழுதியது போல ஊறி ஒன்றோடொன்று கலந்துவிடும். பொதுவாக 12 முதல் 18 மாதம் தாங்கும். எண்ணெய்த் தோலில் அதற்கும் குறைவு. வருடாவருடம் அதே இடத்தைக் கீறிக்கொண்டே இருந்தால் தோல் தழும்பேறி, பிறகு நிறமே பிடிக்காமல் போகும். வயதாகி மெலிந்த தோலுக்கும் இது உகந்ததல்ல.

பவுடர் முறையில் மெஷின் ஊசி நுண்ணிய புள்ளிகளாக வைத்துக்கொண்டே போகும். பார்ப்பதற்குப் பென்சிலோ பவுடரோ போட்டது போல இருக்கும், தனித்தனி முடியாகத் தெரியாது. முன்பக்கம் மங்கலாகத் தொடங்கி வால் பக்கம் அடர்ந்தால் அதைத்தான் ஓம்ப்ரே என்கிறார்கள். எண்ணெய்த் தோல், பெரிய துளைகள், ஏற்கெனவே பென்சில் போட்டுப் பழகிய முகம், இவற்றுக்கெல்லாம் இது நன்றாகப் பொருந்தும். இரண்டு, மூன்று வருடம் வரை நிற்கும். மேக்கப்பே பழக்கமில்லாதவர்களுக்கு முதல் வாரம் கண்ணாடியைப் பார்த்தாலே பகீரென்று இருக்கும்.

நானோ என்றால் மெஷினில் மிக மெல்லிய ஒற்றை ஊசியை வைத்து முடிக்கோடு வரைவது. கீறல் இல்லாததால் தோலுக்குச் சேதம் குறைவு. செய்பவரின் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும் என்பதால் விலை ஏறும். காம்பினேஷன் என்பது முன்பக்கம் கோடு, நடுவிலும் வாலிலும் புள்ளி. முன்பக்கம் முடி இருந்து வால் மட்டும் கொட்டியவர்களுக்கு, வாலில் மட்டும் புள்ளி வைத்தாலே போதும். முழுப் புருவத்தையும் செய்யச் சொல்லி வற்புறுத்தினால் அங்கிருந்து கிளம்புங்கள்.

உங்கள் தோல் எந்த வகை என்று தெரியவில்லையா? சோப்பு போட்டு முகம் கழுவி, எதுவும் தடவாமல் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, புருவத்துக்கு மேல் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். பேப்பர் பளபளவென்று எண்ணெய் குடித்திருந்தால் மைக்ரோபிளேடிங்கை மறந்துவிடலாம்.

3. ஆறிய படம் கேளுங்கள்

முழுக் கட்டுரையையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்ப்பதெல்லாம் வேலை முடிந்த ஐந்தாவது நிமிடம் எடுத்த படம். அப்போது எந்த முறையும் அழகாகத்தான் இருக்கும், கோடுகள் கூர்மையாகத்தான் தெரியும். ஆறிய பிறகு நிறத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போய்விடும். அதனால் ஆறு வாரம், ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைக் கேளுங்கள். அதுவும் நம் மாநிறத் தோலில், உங்களைப் போன்ற எண்ணெய்த் தோலில் செய்ததைக் கேளுங்கள். கொரியப் பெண்ணின் படத்தைக் காட்டினால் அது அவர்கள் செய்த வேலையாகவே இருக்காது.

"கஸ்டமர் படம் அனுப்ப மாட்டேங்கிறாங்க மேடம்" என்பது வழக்கமாக வரும் பதில். டச்-அப்புக்கு, அதாவது சில வாரம் கழித்துக் குறையைச் சரிசெய்யும் இரண்டாவது அமர்வுக்கு, வரும்போது எடுத்த படம் அவர்களிடமே இருந்தாக வேண்டும். ஒன்றுகூட இல்லை என்றால், டச்-அப்புக்கு யாரும் திரும்பி வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓரிரு நாள் பயிற்சிக்குப் போய் வந்தாலும் சட்டம் போட்ட சான்றிதழ் கிடைக்கும்.

4. கறுப்பு கேட்காதீர்கள்

முடி கறுப்பு, அதனால் புருவமும் கறுப்பாக வேண்டும் என்று நாமே கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வது நிறைய நடக்கிறது. நிறம் தோலுக்கு மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. மாநிறத் தோலின் வழியாகப் பார்க்கும்போது கார்பன் கறுப்பு நாளாக ஆகச் சாம்பல் அல்லது நீலம் பாய்ந்து தெரியும். பழைய காலத்துப் பச்சை குத்திய புருவங்களில் பார்த்திருப்பீர்கள். இரும்பு ஆக்சைடு நிறங்களோ, மங்கும்போது செம்பு நிறத்துக்குத் திரும்பக்கூடும். நம் தோலுக்குப் பெரும்பாலும் சற்றுச் செம்மை கலந்த அடர் பழுப்புதான் ஆறிய பின் இயல்பாக நிற்கும். ஒரு படி மெலிதாகவே தொடங்குங்கள். டச்-அப்பில் அடர்த்தி கூட்டுவது சுலபம், குறைப்பதற்கு லேசருக்குத்தான் போக வேண்டும்.

பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், நிறக் குறியீடு, தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை குத்தும் மைகளில் உள்ள ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. நிரந்தர மேக்கப் நிறங்களும் அதில் அடங்கும். 'ரீச்' என்னும் அந்த ஐரோப்பிய விதிக்கு உட்பட்டது என்று லேபிளில் இருந்தால் நல்லது. "எஃப்டிஏ அப்ரூவ்டு பிக்மென்ட்" என்று சொன்னால் மட்டும் சந்தேகப்படுங்கள். தோலுக்குள் ஏற்றுவதற்கென்று எஃப்டிஏ, அதாவது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எந்த நிறத்துக்கும் ஒப்புதல் தரவில்லை.

5. செலவு: முதல் விலையை மட்டும் பார்க்காதீர்கள்

நான் விசாரித்த இடங்களில் மைக்ரோபிளேடிங் 8,000 முதல் 20,000 ரூபாய் வரை, பவுடர் 10,000 முதல் 25,000 வரை, நானோவும் காம்பினேஷனும் 15,000க்கு மேல் என்று சொன்னார்கள். கடைக்குக் கடை மாறும். ஜிஎஸ்டி சேர்த்தா, டச்-அப் சேர்த்தா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். "இலவச டச்-அப்" என்பதற்குக் கீழே "எட்டு வாரத்துக்குள் வந்தால் மட்டும்" என்று இருக்கும். அந்தத் தேதியை அன்றே போனில் குறித்து வையுங்கள்.

கணக்கு போட வேண்டியது நான்கு வருடத்துக்கு. மைக்ரோபிளேடிங் 12,000, அப்புறம் வருடத்துக்கு ஒரு புதுப்பிப்பு 6,000 என்று வைத்தால் நான்கு வருடத்தில் 30,000. பவுடர் 18,000, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 9,000 என்றால் 27,000. முதலில் மலிவாகத் தெரிந்தது கடைசியில் மலிவு இல்லை.

ஆடித் தள்ளுபடியைப் புடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். "மாடல் ரேட்" என்று இரண்டாயிரம், மூவாயிரத்துக்குக் கூப்பிட்டால், பயிற்சி மாணவர் உங்கள் முகத்தில் கை பழகப் போகிறார் என்று பொருள். அலர்ஜிப் பரிசோதனைக்கு முன்பே முழு அட்வான்ஸும் கேட்கும் இடத்தில், பரிசோதனையில் ஒத்துவரவில்லையென்றால் பணம் திரும்பி வருமா என்று முதலில் கேளுங்கள்.

6. தேதி குறிப்பது

கல்யாணம் இருந்தால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் அமர்வு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டச்-அப், அது ஆற இரண்டு வாரம், அதற்குமேல் கொஞ்சம் கைவசம். தை முகூர்த்தத்துக்கு ஐப்பசி தொடக்கத்தில் போனால் சரியாக இருக்கும். ஆனால் ஐப்பசியில் தீபாவளி எண்ணெய்க் குளியல் வரும். ஆறாத புருவத்தில் நல்லெண்ணெய் வழியக் கூடாது. பண்டிகை முடிந்து போங்கள், அல்லது இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

கத்திரி வெயிலில் வேண்டவே வேண்டாம். வியர்வையும் வெயிலும் புதுப் புருவத்துக்கு முதல் எதிரி. கோயில் திருவிழா, நீச்சல், கடற்கரைப் பயணம் இருக்கும் வாரங்களையும் தவிருங்கள். தொழுகைக்கு முன் ஒளு செய்பவர்கள் முதல் சில நாள் தண்ணீர் படாமல் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெட்டினால், பழ அமில கிரீம்களை இரண்டிலிருந்து நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். போடாக்ஸ் போட்டிருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். த்ரெடிங்கையும் இரண்டு வாரம் விட்டு முடி வளரட்டும். இயற்கை வடிவம் தெரிந்தால்தான் சரியாக வரைய முடியும். அலர்ஜிப் பரிசோதனைக்குக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் நிறமும் மரப்பு கிரீமும் வைத்து, குறைந்தது 24 முதல் 48 மணி நேரம் பார்க்க வேண்டும். "இப்பவே வெச்சு இப்பவே பாத்துடலாம்" என்பது பரிசோதனையே இல்லை.

7. தாள்கள்

கொண்டுபோக வேண்டியவை: நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், சர்க்கரை இருந்தால் அண்மைய ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) ரிப்போர்ட், ஏதாவது தொடர் சிகிச்சை இருந்தால் மருத்துவரின் ஒரு வரிக் குறிப்பு. மரப்பு கிரீமில் பெரும்பாலும் லிடோகெய்ன் இருக்கும். பல் பிடுங்கியபோது போட்ட மரப்பு ஊசி உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

வாங்கிவர வேண்டியவை இதைவிட முக்கியம். பில்லில் "பியூட்டி சர்வீஸ்" என்று மட்டும் எழுதாமல், முறையின் பெயர், நிறத்தின் பிராண்டு, குறியீடு, தொகுதி எண் எல்லாம் இருக்கட்டும். நாளைக்கு வேறொருவர் புதுப்பிக்க வேண்டுமென்றாலும், அலர்ஜி என்று தோல் மருத்துவரிடம் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தை அவர்கள் வெளியிட அனுமதிக்கும் வரி அந்தப் படிவத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பிடிக்கவில்லையென்றால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பில் இருந்தால்தான் நுகர்வோர் புகாருக்கு வழி உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

8. அன்றைக்கு

வேலை பொதுவாக இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், அதில் பெரும்பகுதி வரைவதற்குப் போக வேண்டும். நூலில் மை தோய்த்து நெற்றியில் கோடு போட்டு அளப்பார்கள். படுத்த நிலையில் வரைந்ததை எழுந்து உட்கார்ந்து பாருங்கள், ஏனென்றால் படுக்கும்போது தோல் பின்னால் இழுபடும். புருவத்தை உயர்த்திப் பாருங்கள், சிரித்துப் பாருங்கள், போனில் நேராக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். யாருக்கும் இரண்டு புருவமும் ஒன்றுபோல இருக்காது. ஆனால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தெரிந்தால் அழித்துவிட்டுத் திரும்ப வரையச் சொல்லத் தயங்காதீர்கள். முடிந்தால் கலந்தாலோசனை நாளிலேயே பென்சிலால் அந்த வடிவத்தை வரையச் சொல்லி அப்படியே வீட்டுக்கு வாருங்கள். உங்கள் அம்மா ஒரே பார்வையில் தீர்ப்பு சொல்லிவிடுவார்.

ஊசி உறையை உங்கள் கண்முன்னால் பிரிக்க வேண்டும். நிறத்தைப் புதிய சிறு கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். கையுறையோடு போனை எடுத்துவிட்டு அதே கையுறையோடு திரும்பி வந்தால், மாற்றச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், இரத்தம் சம்பந்தப்பட்ட வேலை இது.

9. ஆறும் நாட்கள்

முதல் மூன்று நான்கு நாள் நிறம் அடர்ந்து தடித்துத் தெரியும். ஐந்தாம் நாள் வாக்கில் பொருக்கு உதிரத் தொடங்கும். இரண்டாவது வாரம் பாதி நிறம் காணாமல் போய், பணம் போச்சே என்று இருக்கும். பொறுங்கள், நான்காவது வாரத்திலிருந்து நிறம் மேலெழுந்து வரும். ஆறு வாரம் முடியாமல் எதையும் தீர்மானிக்காதீர்கள், அவசர டச்-அப்புக்கும் போகாதீர்கள்.

முதல் ஏழு முதல் பத்து நாள் முகத்தைப் புருவத்துக்குக் கீழே மட்டும் கழுவுங்கள். தலைக்குக் குளிக்கும்போது பார்லரில் செய்வதுபோல் பின்பக்கமாகச் சாய்ந்து கழுவலாம். ஹெல்மெட்டின் உள்பஞ்சு சரியாகப் புருவத்தின் மேல்தான் உரசும், சில நாள் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள். வடை சுடும்போது எழும் ஆவியிலிருந்து தள்ளி நில்லுங்கள். விபூதி, குங்குமம் புருவத்தில் உதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூசினால் சீக்கிரம் ஆறும் என்று வீட்டில் சொல்வார்கள், பூசாதீர்கள். பொருக்கைப் பிய்த்தால் அந்த இடத்தில் நிறம் இல்லாமல் சொட்டை விழும். ஆறிய பிறகு வெளியே போகும்போதெல்லாம் சன்ஸ்கிரீன் போட்டால் நிறம் கூடுதல் காலம் நிற்கும்.

சீழ், நாளாக ஆகக் கூடும் வீக்கம், சூடு, காய்ச்சல் இருந்தால் பார்லருக்குப் போன் செய்து நேரத்தைக் கழிக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள். பல மாதம் கழித்துப் புருவத்தில் அரிப்போடு சிறு கட்டிகள் தோன்றினாலும் அப்படியே.

இரத்த தானம் செய்பவர்கள் கவனியுங்கள்: பச்சை குத்தியவர்களை இரத்த வங்கிகள் பொதுவாக ஒரு வருடம் தள்ளி வைக்கும், இதுவும் அதில் சேர்த்திதான். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் புருவத்தில் நிறம் ஏற்றியிருப்பதை அங்கே சொல்லிவிடுங்கள்.

10. பிடிக்கவில்லையென்றால்

"தோல் நிற மை போட்டு மேலே மறைச்சுடலாம்" என்றால் உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மையில் டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெள்ளை நிறமி இருக்கும். நாளடைவில் அது தனியாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். பிறகு லேசர் வைத்தால் வெளுப்பதற்குப் பதிலாகக் கறுத்துப்போகவும் வாய்ப்பு உண்டு.

நிறத்தை எடுக்கத் தோல் மருத்துவர்கள் பெரும்பாலும் க்யூ-ஸ்விட்ச்டு என்டியாக் லேசர் வைக்கிறார்கள். ஒரே அமர்வில் போகாது. பல அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி, ஒவ்வோர் அமர்வுக்கும் தனிக் கட்டணம். புருவ முடி கொஞ்ச காலம் வெளுத்துப்போகலாம். மாநிறத் தோலில் லேசர் பட்ட இடம் கறுக்கவும் செய்யும், அதனால் பார்லரில் லேசர் வைத்துக்கொள்ளாதீர்கள். தோல் மருத்துவரிடமே போங்கள், முதலில் புருவத்தின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளியில் மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது எந்த நிறமாக மாறுகிறது என்று தெரிந்த பிறகு மற்றதைச் செய்யலாம்.